ஷோன்பெர்க், பெர்க், வெபெர்ன்: எக்ஸ்பிரஷனிச இசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்ஸ்பிரஷனிச இசை என்று எதைச் சொல்கிறார்கள்?

ஏறத்தாழ 1908 முதல் 1922 வரை, பெரும்பாலும் வியன்னாவில் எழுதப்பட்ட ஒரு வகை மேற்கத்திய செவ்வியல் இசையை. ஆர்னால்ட் ஷோன்பெர்க் (1874–1951), அவரிடம் பாடம் கற்ற ஆண்டன் வெபெர்ன் (1883–1945), ஆல்பன் பெர்க் (1885–1935) ஆகிய மூன்று பேர்தான் இதில் முதன்மையானவர்கள். அதுவரை இசை வர்ணித்துக்கொண்டிருந்த மலை, நதி, வீரம், காதல் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, மனத்துக்குள் நடப்பதை ஒலியாக்க முனைந்தார்கள். அதிலும் பயம், பொறாமை, பித்து, குற்றவுணர்ச்சி போன்று நாலு பேர் முன்னால் காட்டிக்கொள்ள முடியாதவற்றை. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டு வாழ்ந்த ஊர் அது என்பதை எல்லாரும் இந்த இடத்தில் சொல்வார்கள். நானும் சொல்லிவிட்டேன், மேலே போகலாம்.

காதில் விழும்போது எப்படி இருக்கும்? முணுமுணுப்புக்கு அடுத்த நொடியே இடி. கீழே கிடக்கும் ஸ்வரத்திலிருந்து உச்சிக்கு ஒரே தாவல். ஒரு மெட்டு பிடிபடுவதற்குள் அது போய்விடும், திரும்பியும் வராது. கட்டவிழ்ந்த வெறி போலத் தோன்றும். ஆனால் எழுதி வைத்த தாளைப் பிரித்துப் பார்த்தால், பழைய இசைமேதை பாக்கின் (Bach) காலத்துக் கணக்குகள் இம்மி பிசகாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும். எனக்கு இந்த இசையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஸ்வரங்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒலிக்கின்றன?

நம் கச்சேரியில் தம்புரா ஆதார ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பதால், பாடகர் எங்கே சஞ்சாரம் செய்தாலும் நம் காது தொலைந்துபோவதில்லை. மேற்கத்திய இசையில் தம்புரா கிடையாது. அந்த வேலையை 'கீ' என்ற ஏற்பாடு செய்துவந்தது. சி மேஜர், டி மைனர் என்று ஒரு படைப்பு தன் ஆதாரத்தை நிறுவும், விலகிப்போகும், கடைசியில் அங்கேயே திரும்பும். நடுவில் உரசலான ஸ்வரக்கூட்டு வந்தால், அது இனிமையான ஒரு கூட்டில் இறங்கியாக வேண்டும் என்பது சட்டம்.

1865-ல் அரங்கேறிய 'டிரிஸ்டனும் இசோல்டேயும்' ஓபராவில் (பாடியே நடிக்கும் இசைநாடகத்தில்) வாக்னர் அந்த இறங்குதலை மணிக்கணக்கில் தள்ளிப்போட்டார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 'சலோமே' (1905), 'எலெக்ட்ரா' (1909) இரண்டிலும் சட்டத்தின் ஓரத்துக்கே போய் நின்று, கடைசியில் திரும்பிவிட்டார். ஷோன்பெர்க் இறங்கவே தேவையில்லை என்றார். உரசல் என்பது தீர்க்க வேண்டிய சிக்கல் இல்லை, அதுவும் ஒரு ஒலி, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரு சிம்பொனியை 40 நிமிடம் தாங்கி நிறுத்தியதே கீ என்ற தூண்தான். அதை எடுத்துவிட்டால் நீளமாக எதையும் கட்ட முடியாது. ஆகவே இவர்களுக்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, மிகச் சிறியதாக எழுதுவது. இல்லையென்றால் கவிதை, நாடகம் என்று ஏதாவது ஒரு வார்த்தைத் தொடரைப் பிடித்துக்கொண்டு நடப்பது. கீழே வரும் படைப்புகள் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றுதான்.

எந்தப் படைப்பில் இது தொடங்கியது?

ஒரே தேதியைக் குறிக்கச் சொன்னால் 1908 டிசம்பர் 21. அன்று வியன்னாவில் ஷோன்பெர்க்கின் இரண்டாம் ஸ்டிரிங் குவார்டெட் அரங்கேறியது. நான்கு நரம்பு வாத்தியங்களுக்கான படைப்பில் மூன்றாம் பகுதியிலிருந்து ஒரு பாடகியும் சேர்ந்துகொள்கிறார். அதுவே அன்றைக்குக் கேள்விப்படாத விஷயம். பாடுவது ஸ்டெஃபான் கெயார்கேயின் கவிதைகள். நான்காம் பகுதியில், வேறொரு கோளிலிருந்து வரும் காற்றை உணர்கிறேன் என்ற வரி வரும். அந்தப் பகுதியின் தாளில் கீ குறியீடே கிடையாது. பாடகி வாய் திறக்கும் முன்பே, நான்கு வாத்தியங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடியிலிருந்து மேலே ஏறி, எங்கும் நிற்காமல் காற்றில் கரைந்துவிடும்.

வாசித்தவர்கள் ரோஸே குவார்டெட், பாடியவர் அரசவை ஓபராவின் மாரி கூட்டைல்-ஷோடர். அந்த ஊரில் இதைவிடப் பெரிய கலைஞர்கள் கிடைக்க மாட்டார்கள். இருந்தும் கூட்டத்தில் சிரிப்பும் கூச்சலும்தான். இரண்டாம் பகுதியில் 'ஓ டூ லீபர் அகஸ்டின்' என்ற தெருப்பாட்டின் மெட்டு திடீரென்று தலைகாட்டுகிறது. வியன்னாவில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த பாட்டு, எல்லாம் போச்சு என்று முடியும் பாட்டு.

ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். கீயை உடைத்தெறிந்த படைப்பு என்று இதைப் பற்றி எழுதுவார்கள். கடைசி ஸ்வரக்கூட்டைக் கேட்டுப் பாருங்கள். சுத்தமான எஃப் ஷார்ப் மேஜர்.

அந்த 'எல்லாம் போச்சு' அவர் சொந்த வாழ்க்கையைக் குறிப்பதா?

அந்தக் கோடையில் ஷோன்பெர்க்கின் மனைவி மாத்தில்டே, ரிச்சர்ட் கெர்ஸ்ட்ல் என்ற இளம் ஓவியருடன் வீட்டைவிட்டுப் போனார். கெர்ஸ்ட்ல் அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமானவர், ஷோன்பெர்க்குக்கே ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். மாத்தில்டே குழந்தைகளுக்காகத் திரும்பி வந்தார். நவம்பர் தொடக்கத்தில் கெர்ஸ்ட்ல் தற்கொலை செய்துகொண்டார். வயது 25. குவார்டெட்டின் முதல் பக்கத்தில் ஷோன்பெர்க் எழுதிய சமர்ப்பணம்: என் மனைவிக்கு.

மனைவி பிரிந்ததால் இசை உடைந்தது என்று இரண்டையும் முடிச்சுப் போடுவது வசதியாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கெயார்கே கவிதைகளை வைத்து அவர் எழுதிய 'தொங்கும் தோட்டங்களின் புத்தகம்' பாடல்களில் சில, இந்த விவகாரம் வெடிப்பதற்கு முன்பே, அந்த ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே எழுதப்பட்டவை. கீ அதிலேயே நழுவிக்கொண்டிருந்தது. துயரம் வேகத்தைக் கூட்டியிருக்கலாம். பாதை ஏற்கெனவே போட்டாயிற்று.

ஓவியர்களோடு இவர்களுக்கு என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. 1911 ஜனவரித் தொடக்கத்தில் மியூனிக்கில் ஷோன்பெர்க்கின் குவார்டெட்டுகளும் பியானோ துண்டுகளும் வாசிக்கப்பட்ட கச்சேரிக்கு வாஸிலி காண்டின்ஸ்கி போயிருந்தார். திரும்பி வந்து 'இம்ப்ரெஷன் 3 (கச்சேரி)' வரைந்தார். கறுப்பாகப் பெரிய பியானோ, அதைச் சுற்றிப் பொங்கி வழியும் மஞ்சள். அந்த மாதமே, முன்பின் அறியாத ஷோன்பெர்க்குக்குக் கடிதம் போட்டார். ஓவியத்தில் தான் தேடுவதை இசையில் நீங்கள் செய்துவிட்டீர்கள் என்பது கடிதத்தின் சாரம். அதே ஆண்டு டிசம்பரில் மியூனிக்கில் நடந்த 'நீலக் குதிரைவீரன்' குழுவின் முதல் கண்காட்சியில் ஷோன்பெர்க்கின் ஓவியங்களும் இடம்பெற்றன. 1910-ல் அவர் வரைந்த 'சிவந்த பார்வை'யைப் பார்த்திருப்பீர்கள். முகம் என்று சொல்ல முடியாத முகம், அதில் இரண்டு சிவந்த கண்கள். ஓவியராக அவர் கைவண்ணம் சுமார்தான் என்றாலும், அந்தக் கண்கள் விடாது.

'எர்வார்ட்டுங்' 17 நாளில் எழுதப்பட்டது உண்மையா?

உண்மை. 1909 ஆகஸ்ட் 27 முதல் செப்டம்பர் 12 வரை. ஷோன்பெர்க்கின் ஓரங்க ஓபரா இது, 'எர்வார்ட்டுங்' என்றால் எதிர்பார்ப்பு. ஒரே ஒரு பாத்திரம், சுமார் அரை மணி நேரம். இரவில் காட்டுக்குள் ஒரு பெண் காதலனைத் தேடி வருகிறாள். மரத்தடியில் கால் இடறுகிறது. அடிமரம் என்று நினைக்கிறாள், இல்லை என்று தெரிகிறது. பிறகு நிஜமாகவே அவன் பிணத்தைக் காண்கிறாள். கொன்றது யார், ஒருவேளை அவளேதானா, இல்லை இதெல்லாம் கனவா என்பது கடைசிவரை தெளியாது. வசனம் எழுதியவர் மாரி பாப்பன்ஹைம், அப்போது மருத்துவம் படித்து முடித்த இளம் பெண்.

ஒரு நொடியில் மனத்தில் ஓடுவதை அரை மணி நேரத்துக்கு இழுத்துக் காட்டுவதே நோக்கம் என்று ஷோன்பெர்க்கே பின்னாளில் விளக்கியிருக்கிறார். அதனால்தான் எந்த மெட்டும் திரும்ப வருவதில்லை. முடிவு விசேஷமானது. இசைக்குழு முழுவதும் சன்னமான ஒலியில், சிலர் மேலேயும் சிலர் கீழேயுமாக அரை ஸ்வரங்களில் ஓடி, சட்டென்று காணாமல் போகும். எழுத 17 நாள் ஆனது, மேடையேற 15 வருடம் ஆனது. 1924-ல் பிராகில்தான் அரங்கேற்றம். நடத்தியவர் அலெக்சாண்டர் ஸெம்லின்ஸ்கி, மாத்தில்டேயின் அண்ணன்.

'பியரோ லூனேர்' பாட்டா, பேச்சா?

இரண்டுக்கும் நடுவில். 1912-ல் ஷோன்பெர்க் எழுதியது. அல்பேர் ஜிரோவின் கவிதைகள் 21, ஜெர்மன் மொழிபெயர்ப்பில், ஏழேழாக மூன்று அடுக்கு. பாடகியின் வரியில் ஸ்வரங்கள் வழக்கம்போல எழுதப்பட்டிருக்கும், ஆனால் ஒவ்வொன்றின் காம்பிலும் ஒரு சின்னப் பெருக்கல் குறி. அதற்கு ஷோன்பெர்க் முன்னுரையில் தரும் விளக்கம்: தாளம் எழுதியபடியே இருக்க வேண்டும், ஸ்வரத்தைத் தொட்ட கையோடு அதைவிட்டு ஏறவோ இறங்கவோ வேண்டும். பாடவும் கூடாது, அதற்காக வெறுமனே பேசிவிடவும் கூடாது. இதை எப்படித்தான் செய்வது என்று பாடகிகள் இன்றும் ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் வேறு வேறு படைப்போ என்றே தோன்றும்.

பின்னணியில் ஐந்து பேர், எட்டு வாத்தியங்கள். புல்லாங்குழல்காரர் பிக்கலோவும், கிளாரினெட்காரர் பாஸ் கிளாரினெட்டும், வயலின்காரர் வியோலாவும் எடுத்துக்கொள்வார்கள். செல்லோவும் பியானோவும் மாறாது. பாட்டுக்குப் பாட்டு சேர்க்கை மாறிக்கொண்டே இருக்கும். அக்டோபர் 16 அன்று பெர்லினில் நடந்த அரங்கேற்றத்தில், படைப்பைக் கேட்டு வாங்கிய நடிகை ஆல்பர்டீன ஸெமே வேடம் கட்டி முன்னால் நின்றார், வாசித்தவர்கள் திரைக்குப் பின்னால்.

கணக்கு என்று சொன்னேனே, அதற்கு 18-ஆம் பாட்டு 'நிலாப் புள்ளி'யைப் பாருங்கள். கதை இதுதான்: கோமாளி பியரோ கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு மாலையில் கிளம்புகிறான். முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி. சுண்ணாம்பு ஒட்டிவிட்டது என்று தேய்க்கிறான், தேய்க்கிறான், விடியும்வரை தேய்க்கிறான், போகவில்லை. அது நிலா வெளிச்சம். முழுப் பாட்டும் ஏறத்தாழ ஒரு நிமிடம், அவ்வளவுதான். அதற்குள் பிக்கலோவும் கிளாரினெட்டும் ஒன்றை ஒன்று துரத்தும் ஒரு கேனன், வயலினும் செல்லோவும் தனியாக இன்னொரு கேனன், அடியில் பியானோவில், ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் ஒரு ஃபியூக். பியரோ திரும்பித் தன் முதுகைப் பார்க்கும் இடம் வந்ததும், இரண்டு கேனன்களும் கடைசி ஸ்வரத்திலிருந்து முதல் ஸ்வரம்வரை அப்படியே பின்னோக்கி ஓடும். காதில் விழுவதோ ஏதோ ஒரு படபடப்பு மட்டும். கோமாளியின் ஒரு அற்பச் சந்தேகத்துக்கு இவ்வளவு வேலை!

வெபெர்னின் படைப்புகள் ஏன் இவ்வளவு சின்னவை?

மேலே சொன்ன இரண்டு வழிகளில் முதலாவதை அவர் கடைசிவரை கொண்டுபோனார். ஸ்டிரிங் குவார்டெட்டுக்கான 'ஆறு பகடெல்கள்' மொத்தமே நாலைந்து நிமிடம். அதற்கு ஷோன்பெர்க் எழுதிய முன்னுரையில், ஒரு நாவலை ஒரே சைகையில் சொல்லிவிடுகிறார் என்று பாராட்டினார். ஆர்கெஸ்ட்ராவுக்கான 'ஐந்து துண்டுகள்' தொகுப்பில் நான்காவது ஆறே ஆறு பார் (தாளக் கட்டம்), அரை நிமிடம்கூட ஆகாது. வாழ்நாள் முழுக்க அவர் எண்ணிட்டு வெளியிட்டவை 31 படைப்புகள்.

அவருடைய முடிவும் அப்படித்தான் சட்டென்று வந்தது. போர் ஓய்ந்த பிறகு, 1945 செப்டம்பர் 15 இரவு, மிட்டர்ஸில் என்ற மலை ஊரில் சுருட்டுப் பிடிக்க வீட்டுக்கு வெளியே வந்தவரை அமெரிக்கப் படைவீரர் ஒருவர் சுட்டுவிட்டார். கள்ளச்சந்தை விவகாரத்தில் அவருடைய மருமகனைப் பிடிக்க வந்த படையினர் அவர்கள்.

1913-ல் கச்சேரியில் அடிதடி நடந்ததாமே?

மார்ச் 31, வியன்னா மியூஸிக்ஃபெரைனின் பெரிய மண்டபம். நடத்தியவர் ஷோன்பெர்க். நிகழ்ச்சி நிரலில் வெபெர்ன், ஸெம்லின்ஸ்கி, ஷோன்பெர்க், பெர்க், கடைசியில் மாலர். வெபெர்னின் 'ஆறு துண்டுகள்' வாசிக்கும்போதே சிரிப்பு தொடங்கிவிட்டது. பெர்க்கின் பாடல்கள் வந்ததும் மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. எழுத்தாளர் பீட்டர் ஆல்டன்பெர்க் அஞ்சலட்டைகளுக்கு எழுதிய துணுக்கு வரிகளை அவர் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு இசையமைத்திருந்தார். அவற்றில் ஒரு பாட்டு 12 ஸ்வரங்களும் ஒன்றாக ஒலிக்கும் கூட்டில் தொடங்கும். கூச்சல், கைகலப்பு, போலீஸ். மாலரின் பாடல்கள் பாடப்படவே இல்லை.

ஏற்பாட்டாளர் எர்ஹார்ட் புஷ்பெக் ஒருவரை அறைந்தது வழக்காகி நீதிமன்றத்துக்குப் போனது. சாட்சி சொன்ன ஆப்பரெட்டா (லேசான ஓபரா) இசையமைப்பாளர் ஆஸ்கார் ஸ்ட்ராஸ், அன்று மாலை கேட்டதிலேயே இசைவான ஒலி அந்த அறைதான் என்றாராம். (இவர் வேறு, 'எலெக்ட்ரா' ஸ்ட்ராஸ் வேறு.)

வேடிக்கை என்னவென்றால், ஐந்து வாரம் முன்பு அதே மண்டபத்தில், ஷோன்பெர்க் தன் பழைய பாணியில் தொடங்கிய பிரம்மாண்டமான 'குர்ரே பாடல்கள்' அரங்கேறி, கைதட்டல் ஓயவே இல்லை. அவரோ ஆர்கெஸ்ட்ராவைப் பார்த்து மட்டும் தலைவணங்கிவிட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டினார். 1918-ல் அவர் தொடங்கிய தனிக் கச்சேரிச் சங்கத்தில் கைதட்டவும் தடை, சீட்டியடிக்கவும் தடை, விமர்சகர்களுக்கு அனுமதியும் இல்லை.

பெர்க்கின் 'வோட்ஸெக்' ஏன் இவ்வளவு கொண்டாடப்படுகிறது?

இந்தப் பாணியில் முழுநீளமாக நின்றது அது ஒன்றுதான் என்பது என் எண்ணம். 1837-ல் 23 வயதில் இறந்துபோன கெயார்க் பூக்னர் பாதியில் விட்ட நாடகத்தை பெர்க் ஓபராவாக்கினார். வோட்ஸெக் ஓர் ஏழைப் படைவீரன். கேப்டன் அவனை ஏளனம் செய்கிறார், மருத்துவர் சில்லறைக் காசு கொடுத்து அவன் உடம்பில் சோதனை செய்கிறார், அவன் பிள்ளையைப் பெற்ற மரீ இன்னொருவனோடு போகிறாள். அவன் அவளைக் கொல்கிறான். பெர்க் இந்த நாடகத்தை 1914-ல் வியன்னாவில் பார்த்தார். அடுத்த ஆண்டு அவரே படையில் சேர்க்கப்பட்டார். ஆஸ்துமாக்காரர். தான் வெறுத்த மனிதர்களுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த அந்த நாள்களுக்குப் பிறகு, இந்தப் பாத்திரத்தில் தன்னுடைய சாயலும் கொஞ்சம் இருப்பதாக மனைவிக்கு எழுதினார்.

மூன்று அங்கம், அங்கத்துக்கு ஐந்து காட்சி. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பழைய இசை வடிவம்: ஒன்று பாசகாலியா, ஒன்று ராண்டோ, இரண்டாம் அங்கம் முழுக்க ஒரு சிம்பொனி. கேட்பவர் யாரும் இதைக் கவனிக்கவே கூடாது, வோட்ஸெக்கின் கதி மட்டும் மனத்தில் நிற்க வேண்டும் என்று பெர்க் விரும்பினார்.

கொலைக் காட்சியை மட்டும் பார்ப்போம். குளத்தங்கரை, சிவந்த நிலா எழுகிறது. காட்சி முழுவதும் பி என்ற ஒரே ஸ்வரம் எங்கோ ஓரிடத்தில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. முதலில் அடியில் டபுள் பேஸில், அப்புறம் உச்சியில் வயலினில், இங்கே அங்கே என்று இடம் மாறி. காது அதைக் கவனிப்பதில்லை. கத்தி இறங்கும்போது டிம்பனி முரசில் அதே பி. காட்சி முடிந்து திரை மூடியதும், கேட்கிறதா இல்லையா என்ற ஒலியில் ஒரே ஒரு ஹார்ன் அதைப் பிடிக்கிறது. ஒவ்வொரு வாத்தியமாகச் சேர்ந்து முழு ஆர்கெஸ்ட்ராவும் அந்த ஒரு ஸ்வரத்திலேயே வீங்குகிறது. ஓர் இடி. அப்புறம் இன்னொரு முறை, இன்னும் பெரிதாக. அது அறுந்த மறுகணம், ஒரு மதுக்கடையில் சுருதி கலைந்த பியானோவில் குத்தாட்டம். இந்த ஒன்றிரண்டு நிமிடத்துக்கு இணையாக நான் ஓபராவில் வேறெதையும் கேட்டதில்லை.

1925 டிசம்பர் 14 அன்று பெர்லின் அரசு ஓபராவில் எரிக் கிளைபர் நடத்தி அரங்கேற்றினார். அதன்பின் பல நகரங்களில் மேடையேறி, பெர்க்குக்கு நல்ல வருமானமும் தந்தது, நாஜிகள் ஆட்சிக்கு வரும்வரை.

ஸ்ட்ராவின்ஸ்கி, பார்டோக் இதில் சேர்த்தியா?

ஸ்ட்ராவின்ஸ்கி இல்லை. 1913-ல் பாரிஸில் ரகளை கிளப்பிய 'வசந்தத்தின் சடங்கு' ஒரு கூட்டத்தின் சடங்கு, அங்கே தனிமனித மனம் என்று ஒன்று இல்லை. ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் பாதி சேர்த்தி: 'நீலத்தாடியின் கோட்டை' ஓபராவும் 'அதிசய மாண்டரின்' நடன நாடகமும் இந்த உலகத்தைச் சேர்ந்தவைதான். இரண்டாவது 1926-ல் கொலோனில் அரங்கேறியதும், ஆபாசம் என்று நகர மேயர் தடைசெய்தார். அந்த மேயர் கொன்ராட் அடேனாவர், பிற்காலத்தில் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர். ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டமித்தின் இளம்வயது ஓரங்க ஓபராக்களையும் சேர்க்கலாம்.

அப்புறம் ஏன் நின்றுபோனது?

எல்லாவற்றையும் உள்ளுணர்வை மட்டும் நம்பி எழுதுவது ஒரு கட்டத்தில் முடியாமல் போனது. 1913-க்குப் பிறகு ஷோன்பெர்க் பல ஆண்டுகள் அநேகமாக எதையும் முடிக்கவில்லை. 1923 வாக்கில் 12 ஸ்வரங்களையும் ஒரு வரிசையில் அடுக்கி, அந்த வரிசையிலிருந்தே படைப்பு முழுவதையும் வளர்க்கும் முறையோடு வந்தார். தூண் மறுபடி கிடைத்துவிட்டது, நீளமாக எழுத முடிந்தது, பதற்றம் குறைந்தது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் ரசனையும் இந்த அலறலில் அலுத்துப்போயிருந்தது. 1933-ல் யூதரான ஷோன்பெர்க் பெர்லின் வேலையை இழந்து அமெரிக்காவுக்குப் போனார். 1938-ல் நாஜிகள் டுஸல்டார்ஃபில் 'சீரழிந்த இசை' என்று கண்காட்சியே வைத்தார்கள்.

திகில் படங்களில் இதே மாதிரி இசை கேட்கிறதே?

தற்செயல் இல்லை. ஷோன்பெர்க் லாஸ் ஏஞ்சலஸில் குடியேறியதும், டேவிட் ராக்ஸின் போன்ற ஹாலிவுட் இசையமைப்பாளர்கள் அவரிடம் பாடம் கேட்டார்கள். அவரே 1930-ல், இல்லாத ஒரு படத்துக்கு 'ஆபத்து, அச்சம், பேரழிவு' என்று மூன்று கட்டமாகப் பின்னணி இசை எழுதியிருக்கிறார். எம்.ஜி.எம். தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்க் ஒரு படத்துக்கு அழைத்தபோது, சம்பளம் 50,000 டாலர் வேண்டும், நடிகர்கள் எந்த ஸ்வரத்தில் வசனம் பேச வேண்டும் என்பதையும் நானே தீர்மானிப்பேன் என்றாராம். உடனிருந்த சால்கா வியர்டெல் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். படம் அவர் கைக்கு வரவில்லை.

ஒரு குறை மட்டும் உண்டு. சினிமாவால், உரசலான இசை என்றாலே கதவுக்குப் பின்னால் கொலைகாரன் என்று காது பழகிவிட்டது. ஷோன்பெர்க்கின் 'ஐந்து ஆர்கெஸ்ட்ரா துண்டுகள்' தொகுப்பில் மூன்றாவதைக் கேளுங்கள். ஒரே ஸ்வரக்கூட்டு, வாத்தியம் மட்டும் மாறி மாறி, ஏரிநீர் மினுங்குவது போல நகரும். அதில் பயமே இல்லை.

புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

பியானோ துண்டுகளில் தொடங்காதீர்கள், பலர் அங்கேயே ஓடிவிடுகிறார்கள். முதலில் ஷோன்பெர்க்கின் 'வெர்க்லார்டே நாஹ்ட்' ('உருமாறிய இரவு', 1899), அரை மணி நேரம். இன்னும் பழைய பாணிதான், ஆனால் எங்கிருந்து கிளம்பினார் என்று புரியும். அடுத்து 'வோட்ஸெக்', கண்டிப்பாக வீடியோவில், வசனம் கீழே ஓடும் பதிவாகப் பார்த்து. கதை புரிந்தால் காது தானே வழிக்கு வரும். 'பியரோ'வை ஒரே மூச்சில் கேட்காமல் ஏழேழாகக் கேட்கலாம்.

வெபெர்னுக்கு, 'ஆறு துண்டுகள்' தொகுப்பின் நான்காவது. தாயின் மரணத்தை நினைத்து எழுதிய தொகுப்பில் வரும் சாவு ஊர்வலம். பெரிய டிரம்மும் காங்கும் மணியும் அநேகமாகக் காதுக்கே எட்டாமல் தொடங்கும். ஹெட்ஃபோனில் கேட்பவர்கள் ஒன்றும் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். நாலு நிமிடம் கழித்து அதே டிரம்தான் முழு பலத்தோடு வரப்போகிறது.